நாற்பத்திரண்டு பெட்டிக் களம்

களத்துக்காரருக்கு,

உங்களுடைய பனையோலைக் கடகப்பெட்டி இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரு மணி நெல்கூட இல்லை. ஆனாலும் குனிந்தால் நெல் சுணையின் வாடை வருகிறது, கழுத்து அரிக்கிறது. நேற்றிலிருந்து பத்துத் தடவையாவது குனிந்திருப்பேன்.

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. தாலுகாக் கச்சேரியில் நிலம் அளப்பவனாக முப்பது வருஷம் உட்கார்ந்த பழக்கம். ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. இந்தப் பெட்டி என்னிடம் வந்தது.
2. வட்டக் களத்தைச் சதுரக் களமாக மாற்றியதில் நாம் இருவரும் சேர்ந்து செய்த தவறு.
3. ஈர நெல் அதைக் காட்டிக்கொடுத்தது.
4. நான் எழுதிய கடிதமும், அதை ஐந்து நாள் சட்டைப் பையில் வைத்திருந்ததும்.
5. விடுபட்டுப்போன ஆறடி.
6. இன்னும் என்னிடம் இருப்பது.

தொடங்குமுன் ஒன்று. நேரில் உங்களை நான் ஒருநாளும் ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் நீங்கள். கச்சேரி ஆள் உங்கள் தெருக்காரரை அப்படி அழைப்பது அன்று வழக்கமில்லை. வழக்கத்தை மீறுகிற துணிச்சல் எனக்கும் இல்லை. இந்தக் காகிதத்திலாவது சரியாக அழைத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை உங்கள் மகன் வந்தார். வேலை விட்டபின் நான் செல்லூரில் என் மகனோடு இருக்கிறேன். இரண்டு பக்கமும் தறிகள். யாராவது கூப்பிட்டால் மூன்றாவது குரலில்தான் காதில் விழும்.

“அளவு ஐயா வீடு இதுதானுங்களா?”

பெட்டியைப் பார்த்த பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. வாயோரம் கறுப்பு ஓலையால் பொத்தல் தைத்த, நீங்கள் நெல் அளந்த பெட்டி. உள்ளே வரச் சொன்னேன்.

“அப்பா தவறிப்போனாருங்க. பதினெட்டு நாளாச்சு.”

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லீங்க. கஞ்சி குடிச்சாரு, படுத்தாரு. அம்புட்டுத்தான்.”

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மதுரையில் ஆலை வேலையாம். தலையில் பஞ்சுத் தூசி இருந்தது. உங்களை நான் ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

“இத உங்ககிட்டச் சேத்துரச் சொன்னாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். ‘அவரு கணக்குப் பாக்க வச்சுக்கிடட்டும்’னு சிரிச்சாரு.”

அவர் போன பிறகு பெட்டியை மேசைக்குக் கீழே வைத்தேன். எந்தக் கணக்கு என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

இனி இரண்டாவது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாடிப்பட்டிக்கு மேற்கே உங்கள் ஊர் வழியாகப் புது ரோடு வருவதாக உத்தரவு. அது சரியாக உங்கள் களத்தின் மேல் போயிற்று. உங்கள் தெருவில் நீங்கள் பதினோரு குடும்பமும் பிறர் வயலில் அறுத்தீர்கள். கூலியாக வந்த கதிரையும் நெல்லையும் கொண்டுவந்து அடித்ததும் காயவைத்ததும் அந்த ஒரு களத்தில்தான். ஒரு சாண் வயல் இல்லாத உங்களுக்கு நிலம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றே. எடுக்கிற இடத்துக்குச் சமமாக, வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கில் மாற்று இடம் தர வேண்டும். அதை அளந்து கொடுக்க நான் வந்தேன்.

களம் நல்ல வட்டம். நடுவில் ஒரு கம்பு. வட்டத்தைச் சங்கிலியால் அளப்பது சங்கடமான வேலை; துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். நான் சங்கிலியைப் பிரிக்கத் தொடங்கியபோது ஊர்க் கணக்குப்பிள்ளை தடுத்தார்.

“என்னத்துக்குத் தம்பி வெயில்ல கெடந்து சாகணும்? களத்தச் சுத்திக் கமலைக் கயித்தப் போடுங்க. அதே கயித்த அங்குட்டு நாலு மூலையா இழுத்து முளை அடிங்க. கயிறு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஒருத்தனும் வாய் பேச முடியாது.”

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலையிலிருந்து கயிறு வந்தது. களத்தைச் சுற்றிப் போட்டோம், எண்பத்தெட்டு அடி. நாலாக மடித்தோம், இருபத்திரண்டு. பக்கத்துக்கு இருபத்திரண்டு அடி வைத்து நாலு முளை அடித்தாயிற்று.

எனக்குள் ஒரு சிறு உறுத்தல் இருந்தது. கயிறு ஒன்றானால் இடமும் ஒன்றா? ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் போட்ட படம்தான்: ஒரு சதுரம், அதன் நாலு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு உள்ளே ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே நாலு மூலையும் மிச்சமாக நின்றன. சதுரம்தான் பெரிது. உறுத்தல் போய்விட்டது. போனதோடு நிற்காமல், என் வழக்கத்துக்கு மாறாக, எல்லார் முன்னும் உரக்கச் சொன்னேன்:

“பார்க்கப்போனால் இவர்களுக்குத்தான் ஆதாயம். நாலு மூலையும் லாபம்.”

பக்கத்து நிலக்காரர், மேலவீட்டுப் பெரியவர், வைக்கோல் படப்பு நிழலில் நின்றார். “அப்ப ஏமாந்தது நாங்கதானா?” என்றார். சிரிப்பு எழுந்தது. உங்கள் வீட்டம்மா விடவில்லை. “மூலைக்கு ஒரு கோழியக் கட்டிப் போட்டுக்கிடலாம் சாமி.”

நான் உங்களைப் பார்த்து, “சரிதானே?” என்றேன்.

நீங்கள் பழைய களத்தைப் பார்த்தீர்கள். முளைகளைப் பார்த்தீர்கள். “சாமி சொன்னாச் சரிதான்” என்றீர்கள்.

நான் காகிதத்தில் ‘சமமான பரப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் வைக்கோலைத் திரித்த ஒரு பிரிக் கயிற்றை எடுத்துக்கொண்டு பழைய களத்துக்குப் போனீர்கள். நடுக்கம்பை ஒட்டிக் குறுக்கே, ஒரு முனையை உங்கள் வீட்டம்மா பிடிக்க, மறுமுனையை நீங்கள் பிடித்தீர்கள். பிறகு பிரியோடு புது இடத்துக்கு வந்து எதையோ செய்தீர்கள். நான் தலைநிமிர்ந்தபோது கிழக்கு முளைகளுக்கு அப்பால், படப்பை ஒட்டிய முள்ளுக்குள், தலை அளவு ஒரு கருங்கல் கிடந்தது.

“அது எதற்கு?”

“சும்மா கெடக்கட்டும் சாமி. கன்னுக்குட்டி கட்ட ஆகும்.”

எல்லைக்கு அருகில் எது கிடந்தாலும் குறித்துக்கொள்வது என் வழக்கம். அதையும் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது.

அந்தத் தையில் அறுப்பு நடுவே இரண்டு நாள் மழை. உங்களுக்கு நினைவிருக்கும், வாய்க்காலோரம் எல்லாம் சேறு. மூன்றாம் நாள் வெயில் வந்தது. நான்காம் நாள் நீங்கள் கச்சேரிச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றீர்கள். வாசலுக்கு வரவில்லை. நான்தான் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன்.

“சாமி, நெல்லு எடம் கொள்ளல.”

“எந்த இடம்?”

“புதுக் களம். எப்பவும் நாப்பத்திரண்டு பெட்டி ஈர நெல்லு ஒரு வெரல் கனத்துல நெரவுனாக் களம் நெறையும். இப்ப முப்பத்துமூணு போட்டதுமே வரப்பு வந்துருச்சு.”

“கனமாக நிரவியிருப்பாய்.”

“இருக்கும் சாமி. வந்து வெரல வச்சுப் பாருங்க.”

மறுநாள் வந்து விரலை வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் அல்ல. மூலையில், நடுவில், ஓரத்தில் என்று ஒன்பது இடத்தில். எல்லா இடத்திலும் ஒரே கனம். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த உங்கள் வீட்டம்மா, “சாமி வெரலு மெல்லிசு. அதுக்கு ஏத்த மாதிரித்தான் நெரவிருக்கோம்” என்றார்.

பழைய களத்தில் ரோட்டுச் சரளை குவிந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் சேறு. நிரவ இடமில்லாத ஒன்பது பெட்டி நெல் ஓலைப்பாய்மேல் குவியலாகக் கிடந்தது. அதற்குள் கையை விட்டேன். உள்ளே சூடு. இன்னும் இரண்டு நாள் அப்படியே கிடந்தால் முளைத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

“லாபத்துக்குக் கெடச்ச மூலைதான் சாமி பெரிய பாடு,” என்றார் அந்த அம்மா. “கதிர மிதிக்க மாடு பொணையல் சுத்தையில மூலைக்குப் போகமாட்டேங்குது. நாங்களும் சொல்லிப் பாத்தோம், ‘சாமி ஒனக்குன்னு குடுத்தது, போ’ன்னு. கேக்கல.”

நீங்கள், “ஏ, சும்மா இரு” என்றீர்கள். ஆனால் நீங்களும் சிரித்தீர்கள்.

அன்று இரவுக்குக் காத்திருக்கவில்லை. களத்தோரத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். களத்தின் குறுக்களவை முதல் நாள் நான் எடுக்கவே இல்லை. சுற்று எண்பத்தெட்டு என்றால் குறுக்கே இருபத்தெட்டு. அந்த வட்டத்தின் பரப்பு அறுநூற்றுப் பதினாறு சதுர அடி. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, நானூற்று எண்பத்துநான்கு. நூற்று முப்பத்திரண்டு சதுர அடியை நான் உங்களிடமிருந்து ஒரு கையெழுத்தில் எடுத்திருந்தேன்.

மண்ணில் நான் போட்ட படம் பொய்யில்லை. இடம்தான் தப்பு. சதுரமும் வட்டமும் ஒரே அகலமாக இருந்தால் சதுரம் பதினாலு பங்கு, வட்டம் பதினோரு பங்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது அது. அகலம் வேறாகி, சுற்றுகிற கயிறு ஒன்றாக இருந்தால் எல்லாம் தலைகீழ்: வட்டம் பதினாலு, சதுரம் பதினொன்று. அதே இரண்டு எண்கள்தான். இடம் மாறி நிற்கின்றன. கயிற்றை மூலைகளில் மடக்க மடக்க அது உள்ளே இடத்தை இழக்கிறது. உங்கள் பெட்டிக் கணக்கும் அதைத்தான் சொல்லியது. நாற்பத்திரண்டை மூன்றால் வகுத்தால் பதினாலு. முப்பத்துமூன்றை மூன்றால் வகுத்தால் பதினொன்று. படித்தவன் நான். உங்கள் நெல் என்னைவிடச் சரியாக அளந்திருந்தது.

இதை நான் சொன்னபோது நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். “இப்ப என்ன சாமி செய்யிறது?” என்று கேட்டீர்கள். “எழுதுகிறேன்” என்றேன்.

நான்காவதை எழுதக் கை கூசுகிறது. எண்ணிட்டுவிட்டேன், எழுத வேண்டும்.

அன்றே எழுதினேன், மூன்று வரைவு. முதல் வரைவில் ‘அளவில் ஐயம் எழுந்துள்ளது’ என்று இருந்தது. யாருக்கு எழுந்தது என்று சொல்லவில்லை. இரண்டாவதில் ‘ஊரார் முறையிடுகின்றனர்’ என்று போட்டேன். படித்துப் பார்த்தால் குற்றம் உங்கள் தலைக்குப் போயிருந்தது. மூன்றாவதில்தான் ‘என் பிழை’ என்ற இரண்டு சொற்கள் வந்தன. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஐந்து நாள் அது அங்கேயே இருந்தது. ஓர் அளவுப் பிழைக்காக எனக்கு மூத்த ஒருவரை அந்த வருஷம்தான் தொலைதூரத்துக்கு மாற்றியிருந்தார்கள். என் மனைவி நிறைமாதம். இவை காரணங்கள்தான். ஆனால் உண்மையான காரணம் இன்னும் சிறியது. அதிகாரி மேசைக்கு முன் நின்று, சதுரத்தையும் வட்டத்தையும் தெரியாதவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம். காலையில் சட்டை மாற்றும்போது கடிதத்தையும் மறு சட்டைப் பைக்கு மாற்றிக்கொள்வேன். வியர்வையில் மடிப்பு கிழியத் தொடங்கியது.

ஆறாம் நாள் நீங்கள் மறுபடி அந்த மரத்தடியில் நின்றீர்கள். எழுதியாயிற்றா என்று கேட்கவில்லை.

“ஒம்பது பெட்டியும் முளைச்சுப்போச்சு சாமி. மாட்டுக்குப் போட்டுட்டோம்.”

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“மனு எழுதித் தாரேன்னு வாடிப்பட்டியில ஒருத்தரு சொல்றாரு. மேல அனுப்பலாமாம். நாந்தான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“அளந்தது நீங்க. நீங்களே திருத்துனா நல்லாருக்கும். வாரேன் சாமி.”

நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் நான் உள்ளே போய்க் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். அதிகாரி படித்தார். “இம்புட்டு வருஷம் சங்கிலி இழுத்து, ஒரு வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வித்தியாசம் தெரியலையாய்யா உமக்கு?” என்றார். என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். கீழேயே ‘திருத்தி அளக்கலாம்’ என்றும் எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பயந்துதான் பதினோரு வீட்டு நெல்லை முளைக்க விட்டிருந்தேன்.

ஐந்தாவது. இதை நினைக்கும்போது மட்டும் இத்தனை நாளும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

மேற்கே வாய்க்கால், அந்தப் பக்கம் நகர்த்த முடியாது. வடக்கும் தெற்கும் வழி. கிழக்கே மட்டும்தான் நீட்டலாம். இருபத்திரண்டு அடி அகலம் அப்படியே இருக்க, அறுநூற்றுப் பதினாறு வர வேண்டுமானால் நீளம் எவ்வளவு? வகுத்தேன். இருபத்தெட்டு. மீதியே இல்லாமல் இருபத்தெட்டு. பழைய களத்தின் குறுக்களவு அது. ஒரு பக்கத்துக்குக் கயிற்றின் கால்பாகம், மறுபக்கத்துக்கு வட்டத்தின் குறுக்களவு. வைத்தால் வட்டமும் நீள்சதுரமும் சமம். எந்த வட்டத்துக்கும் அப்படித்தான் என்று பிறகு போட்டுப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தராததை நானே கண்டுபிடித்தேன் என்று அன்று நினைத்தேன்.

கிழக்கே ஆறடி வேண்டும். அதுவும் புறம்போக்குதான், ஆனால் அங்கே மேலவீட்டுப் பெரியவர் படப்பு வைத்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆறடிதானே? படப்பத் தள்ளி வச்சுக்கிடுறேன். இதுக்குப் போயி ஏன்யா மொகம் இப்படிச் செத்துக் கெடக்கு? மொதல்லயே வாயத் தொறந்து சொல்லிருந்தா அந்த நெல்லு வீணாப் போயிருக்காதுல்ல?”

வாய்க்கால் பக்கத்திலிருந்து இருபத்தெட்டு அடி இழுத்துக்கொண்டு போனோம். முடிகிற இடத்தில் என் கால் ஒரு கல்லில் இடறியது.

“இதை யார் இங்கே போட்டது?”

“கன்னுக்குட்டிக் கல்லு சாமி.”

நீங்கள் அதை உருட்டித் தள்ளினீர்கள். கல் கிடந்த பள்ளத்திலேயே முளையை வைத்தீர்கள். மண் இளகியிருந்தது, ஒரே அடியில் இறங்கியது. நான் உங்களிடம், “பார்த்தாயா, பழைய களத்துக் குறுக்களவே இங்கே நீளமாக வந்துவிட்டது” என்று விளக்கினேன். எவ்வளவு நேரம் விளக்கினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஆமா சாமி, பொருந்தித்தான் வருது” என்றீர்கள்.

அடுத்த அறுப்பில் நாற்பத்திரண்டு பெட்டியும் கொண்டது என்று ஆள் விட்டுச் சொன்னீர்கள். மூலைகளை மாடு கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் உங்கள் வீட்டம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

இனி ஆறாவது. என்னிடம் இருப்பது என்ன?

ஒரு பழக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே அளந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் சுற்றி நிற்பவர்களிடம் “சரிதானா?” என்று கேட்டுவிட்டு, உடனே குனிந்துவிடாமல் நிற்பேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனையூர்ப் பக்கம் ஒரு தடவை அப்படி நின்றதில் ஒரு கிழவி இழக்க இருந்த நடைவழி பறிபோகாமல் தப்பியது. சக ஊழியர்கள் என்னைச் ‘சரிதானா’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை நான் வெறுத்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மடலில் எண்கள் பிசகக் கூடாது என்று இன்று காலை என் பழைய குறிப்பு நோட்டை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். முதல் நாள் அளந்த பக்கத்தை அந்த நாளுக்குப் பிறகு நான் திருப்பியதே இல்லை. திருத்தி அளந்த அன்றுகூடப் புதுப் பக்கத்தில்தான் எழுதினேன். தவறு எழுதிய பக்கத்தைப் பார்க்க மனம் இல்லை. இன்று திருப்பினேன். எண்பத்தெட்டு இருந்தது. இருபத்திரண்டு இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, என் கையெழுத்தில்:

‘கிழக்கு எல்லைக்கு வெளியே ஆறு அடியில் ஒரு கருங்கல். எல்லைக் குறி அல்ல.’

வைக்கோல் பிரி நினைவுக்கு வந்தது. குறுக்கே பிடித்த அந்தப் பிரியைத்தான் நீங்கள் வாய்க்கால் கரையிலிருந்து நீட்டியிருக்கிறீர்கள். அது முடிந்த இடத்தில் கல்லைப் போட்டிருக்கிறீர்கள். நான் ‘சமமான பரப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சமமான பரப்பு எதுவரை போக வேண்டும் என்று நீங்கள் என்னிடமிருந்து பத்தடி தள்ளிக் குறி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

எப்படித் தெரிந்தது என்று இனிக் கேட்க முடியாது. வருஷா வருஷம் நெல்லை நிரவிய கைக்கு இடத்தின் அளவு தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் கேட்காமலே தெரிகிறது. கணக்குப்பிள்ளை நின்றார், பெரியவர் நின்றார், நான் உரக்கப் பேசிவிட்டிருந்தேன், எல்லாரும் சிரித்தாயிற்று. அந்த இடத்தில் உங்கள் தெருக்காரர் ஒருவர், சாமி சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வார்? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? பலமுறை யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன். கல் ஒன்றைப் போட்டுவிட்டு, நான் வந்து சேரும்வரை காத்திருந்தீர்கள். அதற்கு ஒன்பது பெட்டி நெல் போயிற்று.

மேலே எண்ணிட்டதில் இரண்டாவதாக, ‘நாம் இருவரும் சேர்ந்து செய்த தவறு’ என்று எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். அது பிழை. தவறு செய்தது நான் ஒருவன்தான்.